ரொக்கத்துக்கும் ஒரு கதவு திறந்திருக்கட்டும்

என் வயதினர் பலர் இன்று பணப்பை வைத்துக்கொள்வதில்லை. கைப்பேசி உறைக்குப் பின்னால் ஒரு வங்கி அட்டை, ஒரு மாணவர் அட்டை, அவ்வளவுதான். உணவங்காடியில் கோழிச் சோறு வாங்குவது, நண்பர்களுடன் சாப்பிட்ட கணக்கைப் பிரித்துக்கொள்வது, பள்ளி மன்றத்துக்குச் சந்தா கட்டுவது எல்லாவற்றுக்கும் கைப்பேசியே போதும். "பேநவ் பண்ணிடு" என்பது நம் பேச்சில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவனான நானும் அப்படித்தான் வாழ்கிறேன். ஆனால், அண்மைக் காலமாக இரண்டு வாக்கியங்களை ஒன்றுபோல் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. "நான் ரொக்கம் வைத்துக்கொள்வதில்லை" என்பது ஒன்று. "நாங்கள் ரொக்கம் வாங்குவதில்லை" என்பது வேறொன்று. முதலாவது என் விருப்பம், அதனால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவதைச் சொல்லும்போது அடுத்தவரின் விருப்பத்தை நாம் எடுத்துவிடுகிறோம். முதலாவதை எல்லாரும் கொண்டாடுவோம். இரண்டாவதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

எவ்வளவு வேகமாக மாறினோம்!

நாம் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் அம்மா கையில் கொடுத்த இரண்டு வெள்ளி நோட்டுதான் அன்றைய கைச்செலவு. உணவகத்தில் மீதி வாங்கிய சில்லறையை எண்ணிப் பார்த்துத்தான் பலர் கழித்தல் கணக்கே கற்றுக்கொண்டோம்.

பிறகு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 2017ல் பேநவ் அறிமுகமானது. கைப்பேசி எண் தெரிந்தால் போதும், பணம் போய்ச் சேர்ந்துவிடும். அதே ஆண்டில் பிஓஎஸ்பி வங்கி, தொடக்கப்பள்ளி மாணவர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டி உணவு வாங்கும் 'ஸ்மார்ட் படி' திட்டத்தைத் தொடங்கியது. 2018ல் எஸ்ஜிகியூஆர் வந்தது. அதற்கு முன் ஒரு கடையின் முகப்பில் ஏழெட்டுக் குறியீட்டு ஒட்டுவில்லைகள் வரிசையாக இருக்கும். அவை ஒரே குறியீடாக இணைந்தன. 2020ல் கொவிட்-19 பரவியபோது உணவங்காடிக்காரர்கள் மின்னிலக்கத்துக்கு மாற ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. மாதத்துக்குக் குறைந்தது 20 மின்னிலக்கப் பரிவர்த்தனைகள் செய்தால், மாதம் 300 வெள்ளி என ஐந்து மாதங்களுக்குக் கிடைத்தது.

2023 பிப்ரவரியில் பேநவ், இந்தியாவின் யுபிஐ முறையுடன் இணைக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து இங்கு வந்து வேலை செய்யும் அண்ணன்மார் பலர் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை பிடித்து நிற்பார்கள். இப்போது தங்குவிடுதியில் இருந்தபடியே ஊருக்குப் பணம் அனுப்ப வழி இருக்கிறது. இதைச் சாதனை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஆகவே மின்னிலக்கம் நல்லதா கெட்டதா என்று நான் பட்டிமன்றம் நடத்த வரவில்லை. அந்தத் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. மீதமிருக்கும் கேள்வி, மாற முடியாதவர்களையும் மாற விரும்பாதவர்களையும் எங்கே நிற்க வைக்கப்போகிறோம் என்பதுதான்.

கல்லாவுக்கு இந்தப் பக்கம்

விடுமுறைக் காலத்தில் நான் ஒரு பானக் கடையில் பகுதிநேர வேலை செய்கிறேன். கடைப்பெயர் வேண்டாம். அங்கு ரொக்கம் வாங்குவதில்லை. கல்லாப் பெட்டியே கிடையாது. சில்லறை எண்ணும் வேலையும் கணக்கு ஒத்துவராத தலைவலியும் இல்லை. வேலை செய்பவனுக்கு அது வசதிதான்.

ஒரு பிற்பகல், பேரனைக் கையில் பிடித்தபடி தமிழ்ப் பாட்டி ஒருவர் வந்தார். பையன் ஆசைப்பட்ட பானத்தைக் கேட்டுவிட்டு, சுருக்குப் பையிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, மடிப்பை நீவி என் முன்னால் வைத்தார்.

"பாட்டி, இங்கே ரொக்கம் வாங்க மாட்டோம். கார்டு இல்லாட்டி ஃபோன்லதான் கட்டணும்," என்றேன்.

அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, இதுவும் சிங்கப்பூர்க் காசுதானே?" என்றார்.

அந்தக் கேள்விக்குக் கடை எனக்குப் பதில் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஓர் இளையர் தம் கைப்பேசியைத் தட்டிக் கணக்கை முடித்தார். பாட்டி அந்த நோட்டை அவர் கையில் வற்புறுத்தித் திணித்தார். பேரனுக்குப் பானம் கிடைத்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே பிரிந்தோம்.

பார்க்கப்போனால் இது நல்ல முடிவு. யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால், நடந்தது என்ன? கையில் பணம் வைத்திருந்த ஒருவர், தம் பேரனுக்கு ஒரு பானம் வாங்கிக் கொடுக்க, முன்பின் தெரியாத ஒருவரின் இரக்கத்தை நம்பவேண்டியிருந்தது. அந்த இளையர் அங்கு இல்லாதிருந்தால், பேரன் முன்னால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். பணம் இல்லாதவர் திரும்பிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். பணம் இருந்தும் திரும்பிப் போவது புது வகை ஏழ்மை.

சட்டம் என்ன சொல்கிறது?

பாட்டியின் கேள்வியை நான் பிறகு தேடிப் பார்த்தேன். சிங்கப்பூர் நோட்டும் நாணயமும் சட்டப்படி செல்லும் பணம். ஆயினும் ஒரு கடைக்காரர் ரொக்கம் வாங்குவதில்லை என்று முன்கூட்டியே எழுத்துவழி அறிவித்துவிட்டால், அதை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அதாவது நான் வேலை செய்யும் கடை சட்டத்தை மீறவில்லை. அறிவிப்பும் இருக்கிறது, ஆங்கிலத்தில்.

பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்திருக்காவிட்டால் அந்த அறிவிப்பு அவருக்கு அறிவிப்பா? நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், "முன்கூட்டியே தெரிவித்துவிட்டோம்" என்று சொல்ல ஒரு மொழி போதுமா? பானக் கடையில் இது சிறு விஷயம். அதே அறிவிப்பு நாளை மருந்துக் கடையிலும் மருந்தகத்திலும் புளோக்கின் கீழ்த்தளத்து மளிகைக் கடையிலும் வந்தால் அது சிறு விஷயமாக இருக்காது.

பயம் அறியாமையால் வருவதில்லை

"கத்துக்கலாமே, என்ன கஷ்டம்?" என்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். என் சொந்தப் பாட்டியிடமே நான் அப்படிக் கேட்டதுண்டு. அவர் கைப்பேசியில் தொடர்நாடகம் பார்க்கிறார், ஊரில் உள்ள தங்கையுடன் காணொளியில் பேசுகிறார். ஆனால் வங்கிச் செயலியை மட்டும் தொடமாட்டார். "ஒரு தடவை தப்பா அமுக்கினா என் காசு யார் வீட்டுக்குப் போகுமோ!" என்பார்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024ல் மட்டும் மோசடிகளால் சிங்கப்பூரில் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் மூத்தோர்கூட அல்லர், 50 வயதுக்குக் குறைந்தவர்கள். கைப்பேசியோடு பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாமே ஏமாறும்போது, எழுபது வயதில் தயங்கும் ஒருவரைப் பிற்போக்கானவர் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? ரொக்கம் திருடு போனால் பையில் இருந்தது மட்டும் போகும். கணக்கு திருடு போனால் வாழ்நாள் சேமிப்பே போய்விடலாம்.

என் பாட்டியின் வழி வேறு. மாதத் தொடக்கத்தில் பணத்தை எடுத்து உறைகளில் பிரித்து வைப்பார். சந்தைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று. உறை மெலியும்போது செலவும் தானே மெலியும். என் செயலி எனக்கு மாதக் கடைசியில் வட்ட வரைபடம் போட்டுக் காட்டுகிறது. அதற்குள் பணம் போய்விட்டிருக்கும். ரொக்கம் கையைவிட்டுப் போகும்போது வலிக்கும், அட்டையில் அந்த வலி குறைவு என்று ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001ல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர் பெற்றது. விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டை ஏலம் கேட்கச் சொன்னபோது, கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கத்தில் கட்டவேண்டியவர்களைக் காட்டிலும் மிக அதிகமான தொகையைக் கேட்டார்கள்.

40 மில்லியன் வெள்ளிப் பாடம்

பணம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற ஆசை மூத்தோருக்கு மட்டும் உரியது என்று நினைத்தால், 2024 ஜனவரியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாதம் 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெரியவர்கள் பயன்படுத்தும் பழைய வகை ஈஸி-லிங்க் அட்டைகள் ஜூன் 1 முதல் பேருந்து, ரயில்களில் செல்லாது, எல்லாரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாறவேண்டும் என்றது. சிம்ப்ளிகோவில் பல வசதிகள் உண்டு. ஆனால் அட்டையைத் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதம் என்பது அப்போது அங்கேயே திரையில் தெரியவில்லை. செயலியைத் திறந்துதான் பார்க்கவேண்டியிருந்தது.

மக்கள் விடவில்லை. "என் மீதத்தொகை எனக்கு அங்கேயே தெரியவேண்டும்" என்று பலர் குரல் கொடுத்தார்கள். இத்தனைக்கும் கட்டாய மாற்றம் பெரியவர்களின் அட்டைகளுக்குத்தான், மாணவர், மூத்தோர் சலுகை அட்டைகளுக்கு அன்று. கேட்டவர்கள் நம் பெற்றோர் வயதில் வேலைக்குப் போய்வரும் சாதாரண மக்கள். ஜனவரி 22ஆம் தேதி முடிவு மாற்றப்பட்டது. பழைய முறையையும் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

அது வீண்செலவு என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தேர்வை மூடிவிடுவது எளிது, மூடியபின் திறப்பதற்குத்தான் செலவு அதிகம் என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின. ரொக்க விஷயத்திலும் அதே நிலை வருமுன் யோசிப்பது மேல்.

எல்லாம் நின்றுபோன ஒரு சனிக்கிழமை

இன்னொரு நாளும் நினைவில் வைக்கத்தக்கது. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பில் ஏற்பட்ட கோளாற்றால் இரண்டு வங்கிகளின் சேவைகள் பாதிக்கப்பட்டன. நிறைவேறாமல் போன கட்டண, தானியங்கி வங்கி இயந்திரப் பரிவர்த்தனைகள் 2.5 மில்லியன் வரை இருக்கும் என்று பிறகு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

அன்று செயலியும் இயங்கவில்லை, இயந்திரமும் பணம் தரவில்லை. ஏற்கெனவே பையில் இருந்த நோட்டு மட்டுமே வேலை செய்தது.

சுவீடனைப் பற்றிப் பலர் பெருமையாகப் பேசுவார்கள், ரொக்கமே இல்லாத நாடு என்று. அங்கு வங்கிக் கிளைகள் பலவும் ரொக்கம் கையாள்வதையே விட்டுவிட்டன. ஆனால் அதே நாடு 2018ல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிகாலக் கையேட்டில், சிறு மதிப்பு நோட்டுகளைக் கைவசம் வைத்திருக்குமாறு அறிவுறுத்தியது. பெரிய வங்கிகள் போதிய ரொக்கச் சேவை வழங்கவேண்டும் என்று சட்டமும் இயற்றியது. அது 2021 முதல் நடப்பில் உள்ளது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம் 2019லும் நியூயார்க் நகரம் 2020லும் கடைகள் ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று விதித்தன. இவையெல்லாம் தொழில்நுட்பத்துக்குப் பயந்த ஊர்களா என்ன?

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ரொக்கத்துக்குச் செலவு உண்டு. எண்ணவேண்டும், காக்கவேண்டும், வங்கிக்குக் கொண்டுபோகவேண்டும். மொத்தமாக நாணயங்களைச் செலுத்தினால் அதற்கும் கட்டணம். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் சிறு கடைக்கு இது பாரம்தான். சமைத்த கையோடு நோட்டைத் தொடவேண்டாம் என்ற சுத்தக் காரணமும் இருக்கிறது. என் முதலாளி இதையெல்லாம் சொல்லும்போது என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரொக்கம் பயன்படுத்துவோர் குறையக் குறைய, ஒவ்வொரு நோட்டையும் கையாளும் செலவு கூடும். செலவு கூடினால் கடைகள் விலகும், இயந்திரங்கள் குறையும். இயந்திரம் குறைந்தால் இன்னும் சிலர் விலகுவார்கள். யாரும் திட்டமிட்டு ரொக்கத்தை ஒழிக்கத் தேவையில்லை. நாம் ஒவ்வொருவரும் வசதிக்காகத் தட்டிக்கொண்டே இருந்தால் அது தானே நடந்துவிடும். அதனால்தான் இதைச் சந்தையின் போக்குக்கு மட்டும் விட்டுவிடக்கூடாது என்கிறேன்.

என்ன செய்யலாம்?

எல்லாக் கடைகளும் ரொக்கம் வாங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இணையக் கடைகளும் ஆளில்லா இயந்திரங்களும் தம் வழியில் போகட்டும். ஆனால் உணவு, மருந்து, மருத்துவம், போக்குவரத்து ஆகிய அன்றாடத் தேவைகளில் ரொக்கத்துக்கு ஒரு வழி கட்டாயம் இருக்கவேண்டும். பேருந்தில் இன்றும் காசு போடலாம், மீதிதான் கிடைக்காது. அந்த அளவு ஏற்பாடு இருந்தாலே போதும். ரொக்கம் மறுக்கும் கடைகள் அந்த அறிவிப்பை வாசலிலேயே நான்கு மொழிகளிலும் வைக்கட்டும். வரிசையில் நின்று, முறை வந்தபின் தெரிந்துகொள்ளும் சங்கடமாவது மிஞ்சாது.

இது முடியாத காரியம் அன்று. சிடிசி பற்றுச்சீட்டுகளைப் பாருங்கள். கைப்பேசியில் வரும் இணைப்பைத் தட்டினால் கிடைத்துவிடும். கைப்பேசி இல்லாதவர் சமூக மன்றத்துக்குப் போனால், தாளில் அச்சிட்டுத் தர ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலோருக்கு மின்னிலக்கம், தேவைப்படுவோருக்குத் தாள். இரண்டும் அருகருகே இருக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே இது சான்று.

அண்மையில் உறவினர் திருமணம் ஒன்றில் மொய் மேசையைப் பார்த்தேன். ஒரு பக்கம் மொய் உறைகள் போட அலங்கரித்த பெட்டி, பக்கத்திலேயே சட்டமிட்ட கியூஆர் குறியீடு. மேசையில் உட்கார்ந்திருந்த மாமா இருவகையையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். உறையோடு வந்த யாரையும், "ஃபோன் இல்லையா?" என்று அவர் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் தெரிந்த மரியாதை கடைத்தெருவிலும் இருக்கக்கூடாதா?

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியவையும் உண்டு. பையில் இருபது வெள்ளியாவது சிறு நோட்டுகளாக இருக்கட்டும். உணவங்காடியில் மூத்த கடைக்காரர் இருந்தால், "எதுல கொடுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சில கட்டண முறைகளில் அவருக்குச் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள், அல்லது மீதி கொடுக்கச் சில்லறை தேவைப்படலாம். வீட்டில் பாட்டி, தாத்தா கற்றுக்கொள்ள விரும்பினால், அவர்கள் கைப்பேசியை வாங்கி நாமே தட்டிக்கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலாலேயே செய்ய வைப்போம். சேமிப்பின் ஒரு பகுதியை மின்னிலக்க வழியில் எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி 2023 நவம்பர் முதல் உள்ளூர் வங்கிகளில் இருக்கிறது. அதை முதலில் அமைத்துக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். கற்றுக்கொள்ள விரும்பாவிட்டால், அவர்கள் முடிவையும் மதிப்போம்.

இன்று பகுதிநேரமாகக் கல்லாவில் நிற்பவர்கள் நாம். நாளை செயலிகளை எழுதப்போவதும், கடை திறக்கப்போவதும், விதிகளை வகுக்கும் அலுவலகங்களில் உட்காரப்போவதும் நாம்தான். அப்போது யாரேனும் ஒருவர், "ரொக்கத்தை எடுத்துவிடலாம், வேலை மிச்சம்," என்று சொல்வார். அந்த அறையில் இருக்கும் ஒருவராவது, "அப்போது ரொக்கம் மட்டும் வைத்திருப்பவர் எங்கே போவார்?" என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்பவர் இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் ஒருவராக இருந்தால் நல்லது.